மயிலிட்டியில் இரண்டு நுழைவுப் பரீட்சைகள்

1

ஐயாவின், அதாவது என் அப்பாவின், ஆண்டுத் திவசத்துக்கு யாழ்ப்பாணத்து மயிலிட்டிக்குப் போனபோது என் பயணப்பெட்டியில் பாதி இடத்தைச் சட்டப் பீட நுழைவுப் பரீட்சைப் புத்தகங்கள் பிடித்திருந்தன. படிக்க வேண்டியவள் என் மகள் அபிநயா. இழுத்துக்கொண்டு போனவள் நான். ரொறன்ரோ விமான நிலையத்தில் பெட்டி நிறை கூடிவிட்டது என்றார்கள். அண்ணை குடும்பத்துக்கு வாங்கிய சொக்கலேற் பைகளை வெளியே எடுத்தேனே தவிர, புத்தகத்தில் கை வைக்கவில்லை. அபிநயா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொக்கலேற்றைக் கொண்டு போங்கோ அம்மா. அதையெண்டாலும் ஆரும் தின்னுவினம்" என்றாள்.

இப்படித்தான் எங்கள் வீட்டில் கதை பேச்சு. ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள், வெளிநாட்டில் பிள்ளைகள் தாய்தகப்பனோடு தோழமையாகப் பழகுவார்கள் என்று நினைத்தால் அந்த நினைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். இருபத்திரண்டு வயதுப் பெண்ணும் நாற்பத்தொன்பது வயதுத் தாயும் ஒரே குசினியில் நின்று, ஒருவர் தேநீர் ஊற்றி முடியும் வரைக்கும் மற்றவர் கேத்திலைத் தொடாமல் காத்திருக்கிற வீடு எங்களுடையது.

கனடாவில் சட்டம் படிப்பதற்கு முதலில் ஒரு பட்டம் எடுக்க வேண்டும்; பிறகு இந்தப் பரீட்சையை எழுத வேண்டும். இதில் சட்டம் ஒரு வரிகூட இல்லை. முழுக்கத் தர்க்கம். நாலு வரியில் யாரோ ஒருவர் ஏதோ வாதிடுவார். அந்த வாதத்தில் சொல்லப்படாமல் ஒளிந்திருக்கும் எடுகோள் எது, அதைப் பலவீனப்படுத்தும் கூற்று எது, அதே அச்சில் வார்த்த இன்னொரு வாதம் எது என்று கேட்பார்கள். ஐந்து விடை தருவார்கள். ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம்கூட இல்லை.

தொடக்கத்தில் நானும் பக்கத்தில் இருந்து பார்ப்பேன். ஒரு நாள் வந்த கேள்வி இது: நகரசபை தெருவுக்குப் புது விளக்குப் போட்டது. அதன் பிறகு களவு குறைந்தது. ஆகவே விளக்கினால்தான் களவு குறைந்தது. இந்த வாதத்தைப் பலவீனப்படுத்துவது எது?

"விளக்குப் போட்டால் களவெடுக்கிறவனுக்கும் வெளிச்சம்தானே" என்றேன்.

"அம்மா, அது விடையிலை இல்லை."

"இல்லாட்டி என்ன? சரிதானே?"

"சரியோ பிழையோ எண்டு கேக்கேல்லை. குடுத்த அஞ்சுக்குள்ளை எது எண்டுதான் கேக்கினம். தயவுசெய்து எழும்பிப் போங்கோ."

எழும்பிப் போனேன். அன்றிலிருந்து அந்தப் பரீட்சையை எனக்குப் பிடிக்காது. பிடிக்காத ஒன்றை மகளின் தலையில் ஏன் கட்டினாய் என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தேன்.

2

நான் கனடாவுக்கு வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அகதி விசாரணைக்கு ஒரு சிறிய அறையில் இருத்தினார்கள். எதிரே விசாரிக்கிற அதிகாரி, பக்கத்தில் என் வழக்கறிஞர், நடுவில் மொழிபெயர்ப்பாளர். அவர் தமிழர்தான். ஆனால் எங்கள் தமிழைக் கேட்டுப் பழகாதவர்.

"ராணுவ முகாமில் உன்னைப் பிடித்து வைத்தபோது என்ன நடந்தது?" என்று அதிகாரி கேட்டார்.

"நான் அவையளோடை கதைச்சனான். பிறகு விட்டிட்டினம்" என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் அதை, அவர்களுக்கு நான் ஒரு கதை சொன்னேன், விட்டுவிட்டார்கள் என்று ஆங்கிலத்தில் ஆக்கினார். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். என்ன கதை கட்டினாய் என்று கேட்டார். எங்கள் ஊரில் கதைப்பது என்றால் பேசுவது; எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"கதை ஒண்டும் இல்லை. சும்மா கதைச்சனான்" என்றேன்.

கதை எதுவும் இல்லை, ஆனால் கதை சொன்னேன் என்று அது அவருடைய கொப்பியில் ஏறியது. இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. விண்ணப்பதாரியின் சாட்சியத்தில் முரண்பாடு உண்டு, நம்பத்தக்கவர் அல்லர். அந்த ஒரு சொல்லைத் திருத்த மூன்று வருடம் எடுத்தது. அந்த மூன்று வருடமும் தபால்காரரின் சத்தம் கேட்டால் கை வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன்.

அந்த வருடங்களில்தான் முடிவெடுத்தேன். எனக்குப் பிறக்கிற பிள்ளை சட்டம் படிக்க வேண்டும். அப்போது எனக்குக் கலியாணம்கூட ஆகவில்லை.

இதை அபிநயாவுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. ஐந்து வயதில் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். பன்னிரண்டில் அழுதாள். பதினெட்டில், "தெரியும்" என்று சொல்லிவிட்டுக் காதில் இயர்போனைச் செருகினாள்.

நான் வைத்தியசாலைச் சமையலறையில் நோயாளிகளின் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிறேன். ஒரு தட்டு உப்பில்லாதது, ஒரு தட்டு சீனியில்லாதது, ஒரு தட்டு அரைத்தது. ஓடுகிற பட்டியில் தட்டு வந்துகொண்டே இருக்கும். கை தானாக வேலை செய்யும், மனம் மகளோடு சண்டை பிடித்துக்கொண்டிருக்கும். அவள் பட்டம் முடித்த அன்றே பரீட்சைக்குப் பதிவு செய்ய வைத்தேன். சனிக்கிழமைகளில் ஒரு மாஸ்டரிடம் விட்டேன். அவர் பிள்ளைகளை மணிக்கூட்டுக்கு முன்னால் இருத்தி, பிழை விட்டால் பெயர் சொல்லி வாசிப்பார். அபிநயா நான்கு கிழமை போனாள். ஐந்தாம் கிழமை காரை விட்டு இறங்கவில்லை. நானும் அவளும் வாகனத் தரிப்பிடத்தில் இரண்டு மணித்தியாலம் ஒரு சொல் பேசாமல் இருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினோம்.

இந்த நிலையில்தான் ஐயாவின் ஆண்டு வந்தது. அபிநயாவின் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. தனியே விட்டால் படிக்க மாட்டாள் என்று அவளையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

3

மயிலிட்டியில் அண்ணை கட்டியிருக்கும் வீடு துறைமுகத்துக்குக் கிட்ட. நாங்கள் சின்னனில் இருந்த வீட்டின் அத்திவாரம்கூட இல்லை. இருபத்தேழு வருடம் உள்ளே விடாமல் வைத்திருந்துவிட்டு ராணுவம் காணியைத் திரும்பத் தந்தபோது எல்லைக் கல்லைத் தேடி எடுக்கவே ஒரு மாதம் போனதாம். அண்ணை ஒரு படகு வைத்துத் தொழில் செய்கிறார். மச்சாள், அதாவது அண்ணையின் மனைவி, வாய் திறக்காத மனுசி. அவர்களுக்கு ஒரே மகள், தர்சினி. இருபது வயது.

போன அன்றே தர்சினி அபிநயாவின் புத்தகத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"மாமி, உது நுண்ணறிவுப் புத்தகமோ?" என்று என்னைக் கேட்டாள்.

அவளும் ஒரு நுழைவுப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கொழும்பில் சட்டக் கல்லூரிக்கு. அதில் ஒரு வினாத்தாள் பொது அறிவும் நுண்ணறிவும். யாழ்ப்பாணத்தில் வகுப்புக்குப் போனவளை இரண்டு மாதத்துக்கு முன் அண்ணை மறித்துவிட்டார். பழைய வினாத்தாள்களைப் போட்டோக் கொப்பி எடுத்து வைத்துத் தனியே செய்துகொண்டிருந்தாள். பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தது.

அடுத்த நாளிலிருந்து இரண்டு பெட்டைகளும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே இருந்தார்கள். அபிநயா ஆங்கிலக் கேள்வியைத் தன் அரைகுறைத் தமிழில் சொல்வாள். தர்சினி சிரிக்காமல் கேட்டு விடை சொல்வாள். என்னோடு ஒரு கேள்விகூடச் செய்யாத என் மகள், அவளோடு இருந்து அரை நாளில் முப்பது கேள்வி செய்தாள். தனக்காக அல்ல, அவளுக்காக. அதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஒரு காலை அண்ணை கடலால் வந்து கால் கழுவிக்கொண்டு நின்றார். தர்சினி சத்தமாக வாசித்தாள். "எல்லா மீனவர்களும் நீந்துவார்கள். சில ஆசிரியர்கள் மீனவர்கள். ஆகவே?"

"எல்லா மீனவரும் நீந்துவினம் எண்டு ஆர் சொன்னது?" என்றார் அண்ணை. "என்னோடை வாற ரெண்டு பேருக்கு நீந்தத் தெரியாது."

"அப்பா, அது உண்மையோ எண்டு கேக்கேல்லை. உண்மையெண்டு வைச்சால் என்ன முடிவு வரும் எண்டுதான் கேக்கினம்."

"பொய்யை உண்மையெண்டு வைச்சுப் பழகிறதோ சட்டம்? அதுக்கு உவ்வளவு தூரம் கொழும்புக்குப் போகவேணுமே?"

அபிநயா சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அண்ணையின் முகத்தைப் பார்த்து அடக்கினேன். அவர் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

4

திவசத்துக்கு இரண்டு நாள் முன்னர் வரைக்கும் தர்சினியின் அனுமதி அட்டை வரவில்லை. அது இல்லாமல் மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். கொழும்புக்கு அழைத்துக் கேட்டோம். ஒரு இலக்கத்தில் இன்னொரு இலக்கத்தைத் தந்தார்கள். அந்த இலக்கத்தில் சிங்களத்தில் பேசினார்கள். தமிழ் தெரிந்தவர் சாப்பிடப் போய்விட்டார் என்றார்கள். சாப்பிட்டுவிட்டு வந்தவர், பதிவுத் தபாலில் அனுப்பி இரண்டு கிழமையாகிறது என்றார்.

நானும் தர்சினியும் ஓட்டோ பிடித்து உப தபாலகத்துக்குப் போனோம். அங்கிருந்த பெண் ஏட்டைப் புரட்டி, விரலை ஒரு வரியில் வைத்தாள்.

"உங்கடை அப்பாதானே தங்கச்சி கையெழுத்து வைச்சு வாங்கினவர்."

தர்சினி அந்தக் கையெழுத்தைக் குனிந்து பார்த்தாள். ஓட்டோவில் திரும்பி வரும்போது துறைமுகத்துப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். எல்லை தாண்டி வந்து பிடிபட்ட இந்திய இழுவைப் படகுகள் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டு உக்கிப்போய்க் கிடந்தன.

"மாமி, திவசம் முடியுமட்டும் கதைக்காதேங்கோ. அப்பப்பாவின்ரை நாளிலை சண்டை வேண்டாம்" என்றாள்.

அந்த இரண்டு நாளும் நான் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். என் வாழ்க்கையிலேயே நீளமான இரண்டு நாள்.

5

திவசம் முடிந்து வந்த சனம் சாப்பிட்டுப் போனது. மிஞ்சியது நாங்கள் ஐந்து பேர். அண்ணை கதிரையில் சாய்ந்துகொண்டு தானாகவே தொடங்கினார்.

"ஜெயா, உங்கை கனடாவிலை ஒரு நல்ல பெடியனாப் பார். இவளின்ரை விசயத்தை முடிப்பம்."

"அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை சோதினை. அட்டையை எங்கை வைச்சிருக்கிறியள் அண்ணை?"

அவர் மறைக்கவில்லை. "வைச்சிருக்கிறன். குடுக்க மாட்டன்."

"ஏன்?"

"ஏனோ? நீ கேக்கிறாய். இந்த வீட்டிலை இருந்து படிக்கவெண்டு கொழும்புக்குப் போனது ஆர்? நீ. ஆறு மாதத்திலை வாறன் எண்டாய். அங்கை இருந்து கனடாவுக்குப் போனாய். ஐயாவின்ரை செத்தவீட்டுக்கும் வரேல்லை. போன ஆக்கள் வாறேல்லை. இவளும் போனால் வரமாட்டாள்."

"நான் போனது உயிருக்குப் பயந்து. இவள் போறது படிக்க. ரெண்டும் ஒண்டோ?"

"பெத்தவனுக்கு ரெண்டும் ஒண்டுதான்."

"நீங்கள் செய்தது களவு. பிள்ளையின்ரை கடிதத்தைக் கையெழுத்து வைச்சு வாங்கி ஒளிச்சிருக்கிறியள். உங்களுக்கு நடந்ததுக்கு அவள் ஏன் அடைபட்டுக் கிடக்கவேணும்?"

"என்ரை பிள்ளை. நான் பாப்பன். வருசத்துக்கு ஒருக்கா ரெலிபோனிலை அழுதிட்டு வைக்கிறவை எனக்குப் புத்தி சொல்லத் தேவையில்லை."

அவர் எழும்பிவிட்டார். நானும் எழும்பி நின்றேன். அப்போது மேசையில் இருந்த அபிநயா பேசினாள். சத்தம் போடவில்லை. கேள்வி வாசிப்பதுபோலச் சொன்னாள்.

"அம்மா, நீங்கள் மாமாவைப் பேசிறியள். உங்கடை ஆர்கியூமென்ரும் அவற்றை ஆர்கியூமென்ரும் ஒண்டுதான்."

"நீ பேசாமல் இரு."

"இல்லை, கேளுங்கோ. மாமா சொல்றார், தங்கச்சி போனதாலை நான் கஷ்டப்பட்டன், அதாலை என்ரை மகள் போகக்கூடாது. நீங்கள் சொல்றியள், கோர்ட்டிலை நான் கஷ்டப்பட்டன், அதாலை என்ரை மகள் லோயரா வரவேணும். நடந்தது உங்களுக்கு. செய்யவேண்டியது நாங்கள். நடுவிலை சொல்லாமல் விட்டது என்ன தெரியுமோ? நீயும் நானும் ஒரே ஆள் எண்டது."

தர்சினி தலையைக் குனிந்துகொண்டு மெல்லச் சொன்னாள். "ஒரே அச்சு."

"இன்னொண்டு" என்றாள் அபிநயா. "அண்டைக்கு உங்களுக்குப் பக்கத்திலை லோயர் இருந்தவர்தானே. பிழை விட்டது மொழிபெயர்த்த ஆள். அப்ப நான் ஏன் லோயரா வரவேணும்? அந்த முடிவு அதிலை இருந்து வரேல்லை அம்மா. நான் அந்தச் சோதினை எழுத மாட்டன்."

நான் அவளுக்கு அடித்தேன். கன்னத்தில். அண்ணைக்கு முன்னால், மச்சாளுக்கு முன்னால். கனடாவில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு நான் கை நீட்டியது அதுதான் முதல் தடவை. அவள் அழவில்லை. கன்னத்தைத் தொட்டும் பார்க்கவில்லை.

இருபத்தைந்து வருடமாகப் பிடித்து வைத்திருந்த காரணத்தை ஒரு பிள்ளை ஒரு நிமிடத்தில் பிரித்துப் போட்டுவிட்டாள். அது சரியான விடை என்று எனக்கு அடிக்கும்போதே தெரியும். அதனால்தான் அடித்தேன்.

6

அந்த நேரத்தில் மச்சாள் அறைக்குள் போனா. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. திரும்பி வந்து ஒரு நீளக் கடித உறையைத் தர்சினியின் கையில் கொடுத்தா.

"இந்தா. அப்பான்ரை படகுக் கடுதாசியளுக்குள்ளை இருந்தது."

அண்ணை திகைத்துப்போய்ப் பார்த்தார். மச்சாள் அவரைப் பார்த்துச் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அந்தப் பயணம் முழுவதிலும் அவ பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"நான் அவளோடை கொழும்புக்குப் போறன். சனிக்கிழமை விடியக் கோச்சி. மூண்டு நாளைக்கு நீங்கள் சமைச்சுச் சாப்பிடுங்கோ. திரும்பி வருவாளோ எண்டு பயமெண்டால், நான் கூட்டிக்கொண்டு வாறன்."

"நானும் வரட்டோ மாமி?" என்று அபிநயா கேட்டாள்.

"வா பிள்ளை."

சனிக்கிழமை மூன்று பேரும் காங்கேசன்துறையில் ரயில் ஏறினார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. ஓட்டோ ஏறும்போது அபிநயா என் பக்கம் திரும்பவில்லை. அண்ணை படகடியில் நின்றார், வீட்டுக்கு வரவில்லை.

மூன்று நாள் நானும் அண்ணையும் அந்த வீட்டில் இருந்தோம். நான் சமைத்து மேசையில் வைப்பேன். நான் உள்ளே போன பிறகு அவர் வந்து சாப்பிடுவார். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். இரண்டாம் நாள் மத்தியானம் வாசலில் நின்றபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நீ போன பிறகு ஐயா மூண்டு மாதம் கடலுக்குப் போகேல்லை. நான்தான் தனியப் போனனான். பதினாறு நாள் எஞ்சின் பழுதாகிக் கடலிலை அலைஞ்சவையின்ரை கதை அப்ப ஊரெல்லாம். நானும் அப்பிடிப் போயிருந்தால் அந்த மனுசன் என்ன செய்திருக்கும்?"

"தெரியும் அண்ணை" என்றேன்.

"உனக்கு ஒண்டும் தெரியாது."

அது உண்மை. மூன்றாம் நாள் கொழும்புக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். விமானம் ஏறும் நாளில் மச்சாள் கையைப் பிடித்தா, தர்சினி கட்டிப்பிடித்தாள். அண்ணை தொழிலுக்குப் போய்விட்டார்.

7

ரொறன்ரோவுக்கு வந்து இரண்டரை மாதத்தில் தர்சினி அழைத்தாள்.

"மாமி, பாஸ். நேர்முகத்துக்கு வரச்சொல்லியிருக்கினம். அபிக்கும் சொல்லுங்கோ."

பின்னால் அண்ணையின் குரல் கேட்டது. "ஆரோடை கதைக்கிறாய்? வை போனை." அவள் வைக்கவில்லை. "மாமியோடை அப்பா" என்று சொல்லிவிட்டு, நேர்முகத்துக்கு என்னென்ன பத்திரம் கேட்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக எனக்கு வாசித்தாள். பிறப்புச் சாட்சிப் பத்திரம் இடம்பெயர்வில் தொலைந்ததால் புதிதாக எடுக்க வேண்டுமாம். அதற்கு அண்ணை நாளைக்குக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போகிறார் என்றாள்.

அபிநயாவிடம் சொன்னேன். அவளுக்கு முதலே தெரியும். அவர்கள் இருவரும் நாள்தோறும் பேசுகிறார்களாம்.

அவளுடைய சொந்தப் பரீட்சைக்கு அப்போது பத்து நாள் இருந்தது. எழுத மாட்டேன் என்றவள் பதிவை நீக்கவில்லை. அது எனக்கு ஒரு நப்பாசையைத் தந்தது. இப்போது வேண்டாம், தை மாதத்துக்கு மாற்றிவிட்டால் மனம் மாறுவாள் என்று நினைத்தேன். வேலையில் இடைவேளை நேரம், சமையலறையின் பின்வாசலில் நின்று பரீட்சை அலுவலகத்துக்கு அழைத்தேன்.

"நீங்கள் பரீட்சார்த்தியா?" என்று ஒரு இளம்பெண் கேட்டாள்.

ஆம் என்றேன்.

பெயர் கேட்டாள், சொன்னேன். பிறந்த திகதி கேட்டாள், சொன்னேன். தாயின் கன்னிப் பெயர் கேட்டாள். அது என் பெயர்தான், சொன்னேன். எல்லாம் சரி. தை மாதத்துக்கு மாற்றித் தந்தாள். பிறகு கேட்டாள்: "வேறு ஏதாவது உதவி வேண்டுமா, அபிநயா?"

அவள் இரண்டாம் முறையும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மயிலிட்டி உப தபாலகத்து ஏட்டில் அண்ணை கையெழுத்து வைத்ததைக் களவு என்று சொன்னவள் நான்.

"நான் அபிநயா இல்லை" என்றேன். "தாய்."

அந்தப் பெண் விசைப்பலகையில் எதையோ தட்டினாள். பிறகு குரல் மாறியது. இந்த அழைப்பைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது, கணக்கைப் பூட்டுகிறேன், பரீட்சார்த்தி அடையாள அட்டையோடு நேரே வந்தால்தான் இனித் திறக்கும் என்றாள். சரி என்றேன். இடைவேளை முடிந்து போய்த் தட்டு அடுக்கினேன்.

பின்னேரம் வீட்டில் அபிநயாவிடம் முழுவதையும் சொன்னேன். ஒன்றும் மறைக்கவில்லை. அடித்ததற்கு மன்னிப்பும் கேட்டேன், கேட்க மூன்று மாதம் எடுத்தது. அவள் கேத்திலில் தண்ணீர் நிறைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப இனி நான் போனால்தான் திறக்குமோ?"

"ஓம்."

"நல்லது" என்றாள். "நீங்கள் இனி அதிலை கை வைக்க ஏலாது."

"உனக்கு என்னதான் செய்ய விருப்பம்?"

"தெரியாது அம்மா. கொஞ்ச நாளைக்குத் தெரியாமல் இருக்க விடுங்கோ."

அவள் தேநீர் ஊற்றினாள், தனக்கு மட்டும். கோப்பையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, அதைத் திறக்க எப்ப போவாய் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.